ஈரச்சாக்குக்குள் ஒரு தூர்

வெட்டியது நீதான். முகத்தைத் திருப்பாதே, உன்னைத்தான். கண்மாய்க்கரை முழங்கைபோல மடங்குகிற இடத்தில் நின்ற கோணல் கருவேலமரத்தை, உச்சிவெயிலில், ஊர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து வெட்டினாய். கிளையில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அரிவாளால் அறுத்திருந்தால்கூட, அவசரத்தில் பார்க்கவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். நீ முடிச்சை அவிழ்த்திருக்கிறாய். நின்று, நிதானமாக, நகத்தால் நோண்டி அவிழ்த்திருக்கிறாய். இருளாயி தன் முந்தானையைக் கிழித்துப் போட்ட முடிச்சு அது, லேசில் நெகிழாது. பகைக்கு வெட்டினாயா, விலைக்கு வெட்டினாயா, அது உனக்கும் உன் குலசாமிக்கும்தான் வெளிச்சம். யாருடைய மூச்சை வெட்டுகிறோம் என்று தெரிந்துதான் வெட்டினாய். அதில் மட்டும் பேரம் கிடையாது.

நரிக்குண்டு என்பது கரிமூட்டத்து ஊர். மழை மறந்துபோன பூமி, கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம், அதை வெட்டி, அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண்ணால் மெழுகி, உள்ளே நெருப்புக்கங்கைப் போட்டு, காற்றுக்குத் திணறத் திணற வேகவிட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றுவதுதான் ஊருக்குச் சோறு. மூட்டத்தைச் சுற்றி ஓட்டை ஓட்டையாகக் காற்றுக்கண் விடுவார்கள். கண்ணை அகலத் திறந்தால் காற்று புகுந்து விறகு சாம்பலாகிவிடும், இறுக மூடினால் நெருப்பு செத்து விறகு விறகாகவே கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் மூட்டத்தை மூச்சுவிட வைக்கிறவன்தான் கரிக்காரன். அந்த வேலையில் இருளாயியின் புருசன் சித்தாண்டியை மிஞ்ச ஆளில்லை, விலை பேசுவதில் இருளாயியை மிஞ்ச ஆளில்லை. லாரிக்காரர்கள் மாட்டுச்சந்தையைப் போலத் துண்டைப் போர்த்தி, அதற்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். துண்டுக்குள் கைப்பட்டதை வெளியே சொன்னவனுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் பச்சைத்தண்ணி கிடைக்காது. அந்தத் துண்டுக்குள் முதன்முதலாகக் கைவிட்ட பொம்பளை இருளாயிதான். கையைத் தடவிப் பார்த்த ஒரு லாரிக்காரனின் சுண்டுவிரலைத் துண்டுக்குள்ளேயே மளுக்கென்று ஒடித்துவிட்டு, முகம் மாறாமல் விலையையும் முடித்துக்கொண்டு எழுந்தவள்.

அந்த ஊரில்தான் ஒரு கோடைக்காலைப் பொழுதில், டீக்கடை மாசானம் டீயை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தபோது, கண்மாய்க்குள் யாரோ ஒரு கருவேலமரத்தில் கோடாரியைப் போட, மாசானம் நெஞ்சில் குத்துப்பட்டவனைப்போலத் துள்ளினான். அடுத்த வெட்டுக்கு அடுத்த துள்ளல். மரம் முறிந்து சாய்ந்ததும் அவனும் பாய்லர் மேல் சாய்ந்தான். கொதிநீர் கொட்டி வெந்ததுகூடத் தெரியாமல், கரையில் எடுத்துப்போட்ட கெண்டையைப்போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, வெட்டுப்பட்ட மரத்தின் இலை சுருங்கும்வரை கிடந்து, இலையோடு சேர்ந்து அடங்கிப்போனான். ஊர் அழுதது, தூக்கிப் புதைத்தது, ஆனால் யாரும் ஆச்சரியப்படவில்லை. நாம் விடுகிற மூச்சை மரம் வாங்குகிறது, மரம் விடுகிற மூச்சை நாம் வாங்குகிறோம், இத்தனை காலம் கொடுக்கல் வாங்கல் இருந்தால் இன்னாருக்கு இன்ன மரம் என்று முடிவாகாமலா இருக்கும், இவ்வளவு நாள் கழித்துத் தெரிந்ததுதான் அதிசயம் என்று பேசிக்கொண்டே கைகால் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாளே ஆளாளுக்குத் தன் மூச்சைத் தேடிக் கிளம்பினார்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இலைக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஊதினால் தன் மரம் மட்டும் தொட்டாற்சிணுங்கியைப்போல இலையை மடக்கி, அப்புறம் கூச்சம் தெளிந்து விரிக்கும். வெயில் ஏறும்போது நெஞ்சு லேசாகும், பொழுதுசாயும்போது மரமும் நம்மைப்போலவே மூச்சை உள்ளே இழுக்க ஆரம்பிப்பதால் விலாவுக்கடியில் ஒரு சின்ன இழுப்பு தெரியும். ஊர் அம்பலம் செவத்தையாவுக்குச் சாவடி வேப்பமரமே வாய்த்தது, அவர் மீசையை இன்னும் கொஞ்சம் முறுக்கினார். மச்சு வீட்டு முதலாளிக்குக் கக்கூஸ் பள்ளத்து ஊமத்தைச்செடி வாய்த்தது, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்த் தினமும் தண்ணீர் ஊற்றினார். கோயில் மதில் வெடிப்பில் முளைத்த தும்பைதான் பிள்ளைக்கு மூச்சு என்று தெரிந்த ஒருத்தி, மதிலோடு சேர்த்துக் கட்டிலைப் போட்டுக்கொண்டு அங்கேயே குடியிருந்தாள். அவரவர் செடியில் சிவப்புத் துணியைக் கட்டினார்கள். பெண்பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால் மரத்தைக் கேட்டார்கள், கொடியாக இருந்தால் யோசித்தார்கள், கீரையாக இருந்தால் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். ஆட்டுக்கு ஓலைக்கூடு பின்னி வாயைக் கட்டினார்கள். கட்டாத ஆடு ஒன்று போகிறபோக்கில் ஒரு துளசியைக் கடித்துவைக்க, துளசிக்காரி நடுத்தெருவில் விழுந்தாள், அவள் அண்ணன்மார் ஆட்டையும் வெட்டினார்கள், ஆட்டுக்காரனையும் வெட்டினார்கள். ஆடுமாடுகளுக்கும் அப்படித்தான். வாய்க்கால் கோரையைக் களையெடுத்த அன்று கோயில்காளை மூக்கில் நுரை தள்ளிச் செத்தது.

வரப்புத் தகராறு வந்தால் முன்பெல்லாம் மண்டை உடையும், இப்போது மரம் விழுந்தது. தினமும் அடிவாங்கிய ஒருத்தி, புருசனின் மூச்சு கூரைமேல் படர்ந்த பூசணியில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவன் கையை ஓங்கும்போதெல்லாம் ஒரு இலையைக் கிள்ளுவாள், அவன் கை தொங்கிப்போய்விடும். ஒருநாள் கிள்ளக் கிள்ள ஆத்திரம் அடங்காமல் கொடியையே வேரோடு இழுத்துப் போட்டுவிட்டு, உலையில் அரிசியைக் களைந்து போட்டாள். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர், பூசணியைப் பிடுங்கியதற்கு எந்தச் சட்டத்தில் கொலைவழக்குப் போடுவது என்று விளங்காமல் மாரடைப்பு என்று எழுதிக்கொண்டார். தன்னுடைய மூச்சு எந்த ஊரில் எந்தப் புதரில் கிடக்கிறதோ என்ற நினைப்பு திடீரென்று வந்து, ஜீப்பைப் புல்லில் ஏற்றாமல் மெல்ல ஓட்டிக்கொண்டு போனார்.

இத்தனைக்கும் நடுவில் மூட்டம் மட்டும் நிற்கவில்லை. நின்றால் சோறு ஏது? துணி கட்டிய மரத்தை விட்டுவிட்டுத் துணி கட்டாததை வெட்டினார்கள். துணி இல்லாத மரமென்றால் மூச்சு இல்லாத மரமா என்று சித்தாண்டி ஒருமுறை கேட்டான்.

"ஏ புள்ள, கண்மாயில இத்தன ஆயிரம் மரம் நிக்கிது. நம்ம ஊருல ஆளு எத்தன பேரு? மிச்சமெல்லாம் யாரு மூச்சு?"

"மெட்ராசுல ஒருத்தன், துபாய்ல ஒருத்தன், எவனோ ஒருத்தன்" என்றாள் இருளாயி. "ஊரு பேரு தெரியாதவன் மூச்சுக்கு நானா ஜாமீன் நிக்க முடியும்? நீ மம்பட்டிய எடு."

அவன் மண்வெட்டியை எடுத்தான். மண்வெட்டியை எடு என்றால் எடுக்கிற மனுசன். அவனுடைய மரம் அந்தக் கோணல் கருவேலம், அவனைப்போலவே ஒருபக்கமாகச் சாய்ந்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றது.

நீ அதை வெட்டிய உச்சிப்பொழுதில் சித்தாண்டி சாப்பிட உட்கார்ந்திருந்தான். உன் வெட்டு ஒவ்வொன்றும் அவனுக்கு இருமலாக வந்தது. நெஞ்சு பிளக்கிற இருமல், கஞ்சித்தண்ணி மூக்கில் ஏறுகிற இருமல். வேறு ஊராக இருந்தால் பதறியிருப்பார்கள். கரிமூட்டத்து ஊரில் இருமலுக்கு யார் காது கொடுப்பார்கள்? புகையில் பிறந்து புகையில் வளர்ந்த நெஞ்சு அப்படித்தான் இரையும். இருளாயியும், "பீடியக் குறைய்யான்னா கேக்குறியா, நெஞ்சுக்கூடு கழண்டு கஞ்சியில விழப்போவுது" என்று வைதுவிட்டு மோரை ஊற்றினாள். அரைமூச்சில் உயிர்வாழப் பழகிய நுரையீரல் அவனுக்கு. மரம் விழுந்ததுகூடத் தெரியாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனான். அன்று மாலை வெட்டுக்கூலிகள் கொண்டுவந்து போட்ட விறகோடு அந்தக் கோணல் மரமும் துண்டு துண்டாக மூட்டம் போடுகிற களத்துக்கு வந்தது. அவனேதான் எடுத்து அடுக்கினான். மறுநாள் காலையில் அவனேதான் மண்ணை மெழுகி, கும்பிட்டு, மூட்டத்தை வலம் வந்து, சட்டியிலிருந்து கங்கை அள்ளித் தன் மூச்சுக்குத் தானே நெருப்பு வைத்தான்.

கடைசிக் காற்றுக்கண்ணை மண்ணால் அடைத்ததும் மரம்போல மல்லாக்க விழுந்தான். இருளாயி ஓடிவந்து தூக்கும்போது அவன் மூக்கிலிருந்து புகை வந்தது. பீடிப்புகை இல்லை, பச்சை விறகு வேகிற வெள்ளைப்புகை. மூட்டத்தின் உச்சியில் புகை ஏறினால் அவன் நெஞ்சு ஏறியது, அங்கே தணிந்தால் இங்கே தணிந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. கடப்பாரையால் ஒரு கண்ணைக் குத்தித் திறந்தாள், அவனுக்கு உயிர் வந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தாள், உள்ளே தீ தாவ, அவன் உடம்பு அனலாகக் கொதித்து, "போதும் புள்ள, போதும்" என்று அலறினான். பாதியை மூடினாள். அன்றிலிருந்து அவன் சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவே இருந்தது ஒரு கைப்பிடி ஈரமண்.

கரையின் முழங்கைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். மரம் நின்ற இடத்தில் பள்ளம். பக்கத்தில் அவிழ்த்துப் போட்ட சிவப்புத் துணி. சீமைக்கருவேலத்தின் சங்கதி உனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். மேலே எத்தனைமுறை வெட்டினாலும் மண்ணுக்குள் தூர் இருந்தால் போதும், சனியன் மறுபடி தழைத்துவிடும். தூரைக்கூட விட்டுவைக்காமல் தோண்டி எடுத்திருக்கிறாய், தூர்க்கட்டைக் கரிக்கு விலை கூட என்பதால்தானே? ஆனால் அந்தத் தூர் மூட்டத்துக்கும் வரவில்லை, லாரிக்கும் போகவில்லை.

"காலு ரெண்டும் குளுகுளுன்னு இருக்கு புள்ள" என்றான் சித்தாண்டி, களத்து மண்ணில் படுத்தபடி. "ஈரச்சாக்குக்குள்ள விட்டாப்புல இருக்கு. சணல் வாட அடிக்கிது. அப்பப்ப யாரோ தண்ணி தெளிக்கிறாக."

"யாருய்யா? மூஞ்சி தெரியுதா?"

"காலுக்கு ஏது புள்ள கண்ணு?" என்று சிரித்தான். புகை புகையாக வந்தது சிரிப்பு. "ஒண்ணு நல்லதாப் போச்சு. பீடிச் செலவு மிச்சம்."

அப்படியானால் தூர் உன் வீட்டில்தான் இருக்கிறது. எரிக்கப் பயம், எரித்தால் கொலை. திருப்பித் தரப் பயம், தந்தால் நீதான் என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஈரச்சாக்கைச் சுற்றி, தண்ணீரைத் தெளித்து, அடுப்படியிலோ தொழுவத்திலோ ஒளித்துவைத்திருக்கிறாய். அது காய்வதற்கு முன்னால், இந்த மூட்டம் வெந்து அடங்குவதற்கு முன்னால், அதை மண்ணில் வைத்துத் தண்ணீர் ஊற்றி ஒரே ஒரு துளிர் விட்டால் சித்தாண்டி பிழைப்பான். விடாவிட்டால் வெள்ளைப்புகை நீலமாகும், நீலம் இழையாகும், இழை அறும்.

இருளாயி வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எவனும் வாயைத் திறக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கோடாரியைத் தூக்கினாள். சாவடிக்கு முன்னால் நின்று, "எம்புருசன் தூரு வர்ற வரைக்கும் ஒவ்வொரு மரமா விழும். ஊருக்குப் பெரியவருட்டருந்தே தொடங்குறேன்" என்று கத்திவிட்டு, வேப்பமரத்தில் ஓங்கி ஒரு வெட்டு. சாவடிக்குள் செவத்தையா அம்பலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி விழுந்தார். இரண்டாவது வெட்டு, வாயிலிருந்து குபுக்கென்று ரத்தம் வந்து வெள்ளைவேட்டியில் விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்குவதற்குள் ஊரே அவள்மேல் விழுந்தது. கம்பால் அடித்தார்கள், காலால் மிதித்தார்கள், தலைமயிரைச் சுற்றிப் பிடித்துத் தெருவில் இழுத்தார்கள். ஒருவன் காதைக் கடித்துத் துப்பினாள், இன்னொருவன் முன்பல்லைக் கோடாரிக் காம்பால் பெயர்த்தாள். அவள் இடதுகை முழங்கைக்குக் கீழே ஒடிந்து எலும்பு வெளியே வந்தது. அப்போது கூட்டத்தில் எவனோ, "அந்த மூட்டத்த அவிச்சு விட்டாத்தான்டா இவ அடங்குவா" என்று கத்திக்கொண்டு தண்ணீர்க்குடத்தோடு களத்துக்கு ஓடினான். அந்தக் குரல் உன்னுடையதோ என்னவோ.

அரைக்குடம் தண்ணீர் மூட்டத்தில் விழுந்ததும் சித்தாண்டியின் வாயிலிருந்து நீராவி பீறிட்டு, நாக்கு வெந்து, வெளியே தள்ளியது. ஒடிந்த கையைத் தொங்கவிட்டபடி ஓடிவந்த இருளாயி, மீதித் தண்ணீர் விழாமல் மூட்டத்தின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். அவள் வயிறும் நெஞ்சும் வெந்து தோல் மண்ணோடு ஒட்டியது. கத்தவில்லை. ஒட்டிய இடத்தோடு தலையை மட்டும் தூக்கி, "ஊத்துடா. எம்மேல ஊத்து" என்றாள். குடத்துக்காரன் குடத்தைப் போட்டுவிட்டுப் போனான்.

அம்பலத்தை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"நான் எடுக்கல ஆத்தா. எடுத்திருந்தா நீ போட்ட ரெண்டு வெட்டுக்கே கொண்டாந்து குடுத்திருப்பேன். எனக்கு உசுரு வெல்லக்கட்டி."

"வேற எவன் எடுத்தான்?"

"எனக்குத் தெரிஞ்சா ஒங்கிட்ட ஏன் ரத்தங் கக்கப்போறேன்?"

அதில் கணக்கு நேராக இருந்தது. இருளாயி நம்பினாள்.

ஊர் கலைந்து போனபின், வெந்த நாக்கால் சித்தாண்டி வேறொன்று சொன்னான். அவன் மூச்சைவிடும்போது அதற்குள்ளிருந்து ஒரு பிள்ளை விக்கியது, ஒரு கிழவன் குறட்டை விட்டான், யாரோ ஒரு பொம்பளை நமக்குப் புரியாத பாஷையில் யாரையோ பேர்சொல்லிக் கூப்பிட்டாள். இருளாயியும் கேட்டாள். காதைப் பொத்தினாலும் கேட்டது.

"இந்த மூட்டத்துல நான் மட்டுமா கெடக்கேன் புள்ள?" என்றான்.

இருளாயி ஈரமண்ணை அள்ளிக் காற்றுக்கண்ணின் விளிம்பைச் சரிசெய்தாள்.

மறுநாள் உச்சிவெயிலில்தான் அவள் உன் மரத்தைப் பார்த்தாள். களத்தோரம் துணி கட்டாமல் நிற்கிறதே, இளசான உடைமுள் மரம், அது. ஆத்திரம் தாங்காமல், "எடுத்தவன் எவன்டா?" என்று அவள் வெட்டவெளியில் கத்தினாள். காற்று இல்லை, பொழுது சாயவில்லை, பக்கத்தில் யாரும் ஊதவுமில்லை. அந்த ஒரு மரம் மட்டும் இலை அத்தனையையும் மடக்கிக்கொண்டு நடுங்கியது. மறுபடி கத்தினாள். மறுபடி மடங்கியது. துணி கட்டினால் உன் மரம் எது என்று தெரிந்து எவனாவது பகைக்கு வெட்டிவிடுவான் என்று பயந்து கட்டாமல் விட்டிருக்கிறாய். எங்கேயோ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த உன் நெஞ்சு துடித்ததை உன் மரம் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஒற்றைக்கையால் கோடாரியை இழுத்துக்கொண்டு போய் அதன் அடியில் நின்றாள். அவள் ஓங்கியதும் மரம் சிலிர்த்தது. உனக்கு அப்போது பிடரியில் குளிர்ந்திருக்கும்.

"வெட்டு" என்றான் சித்தாண்டி, படுத்த இடத்திலிருந்து. "வெட்டுனா ஆளு விழுவான். எடுத்தவன் எவன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும். தூரு எங்கன்னு பெறகு பொணமா வந்து சொல்லும்?"

கோடாரி காற்றில் நின்றது. அவன் சாகாமல் இருப்பது உன் சாக்கில், நீ சாகாமல் இருப்பது அவள் கையில். வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசியவளுக்கு இப்படியொரு பேரம் வந்ததில்லை. பிறகு கோடாரியை உன் மரத்தடியிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

இப்போது அவள் களத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒடிந்த கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், வெந்த வயிற்றில் ஈ மொய்க்கிறது, விரட்டவில்லை. மூட்டத்தில் ஒரே ஒரு காற்றுக்கண் பாதி திறந்திருக்கிறது. அவளுக்கு முன்னால் துண்டை விரித்திருக்கிறாள். நல்ல கை அதற்கடியில் மல்லாக்கக் காத்திருக்கிறது. முகத்தைக் கண்மாய்ப் பக்கமாகத் திருப்பி, ஊருக்குக் கேட்கிற மாதிரி ஒரேயொரு தடவை சொல்லிவிட்டாள்: துண்டுக்குள் வருகிற கை யாருடையது என்று பார்க்கமாட்டாள், விரலைத் தடவிப் பெயரைத் தேடமாட்டாள், அதற்குள் நடந்ததை வெளியே சொல்லமாட்டாள். விலையும் சொல்லிவிட்டாள். உன் மரம் உனக்கு. அதனடியில் கிடக்கிற கோடாரியும் உனக்கு. துணி கட்டிய மரமானாலும் கட்டாத மரமானாலும் இனி அவள் எதிலும் இரும்பு வைக்கமாட்டாள். சோற்றையே விலையாக வைத்திருக்கிறாள். அதற்குமேல் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை, அதற்குமேல் கேட்க உனக்கு யோக்கியதையும் இல்லை.

புகை இன்னும் வெள்ளைதான். ஓரத்தில் மட்டும் நீலம் தட்டியிருக்கிறது. அவன் மூக்கின் ஓரத்திலும் அதே நீலம்.

நீ தெளிக்கிற தண்ணீரால் ஒரு பிரயோசனமும் இல்லை. சாக்குக்குள் தூர் அழுகத்தான் செய்யும், துளிர்க்காது. பயந்தது போதும், சாக்கோடு தூக்கு, தெருவழியாக வரக் கூச்சமாக இருந்தால் கண்மாய்க்குள் இறங்கி வா. அந்தப் பள்ளத்தைத் தோண்டியவன் நீ. நீயே இறக்கி வை, நீயே மண்ணைத் தள்ளு, நீயே மிதித்துக்கொடு, நீயே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்று. அவிழ்த்த முடிச்சை நீயே போடு. அப்புறம் இங்கே வந்து இந்தத் துண்டுக்குள் கையை விடு. அவள் கை அங்கேயேதான் இருக்கிறது, எடுக்கமாட்டாள்.

எழுந்திரு. தூரைக் கொண்டு வா.